லேப்டாப் மாதிரிதான்

தள்ளுபடியில் கிடைக்கிறது என்று கழற்றி மாட்டும் டேப்லெட்டைத் தேடி வருகிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். இது லேப்டாப் மாதிரிதான், லேப்டாப் இல்லை. விற்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று கடை முதலாளி மாலிக் பாய் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். அப்படிச் சொல்லி விற்றதை ஒருவரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளதைத்தானே சொல்கிறேன். மேஜையில் வைத்தால் நிமிர்ந்து நிற்கும். மடியில் வைத்தால் மல்லாக்கச் சாயும். திரையும் கீபோர்டும் காந்தத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவசரத்தில் கீபோர்டைப் பிடித்துத் தூக்கினால் திரை தரையில் கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் திரையைத்தான் சாமான் என்று நினைக்கிறார்கள். நகத்தால் சுண்டிப் பார்ப்பது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது, கீறல் தேடுவது எல்லாம் அதற்குத்தான். அடியில் கிடக்கிற ரப்பர் தட்டை ஒரு துணைச் சாமானாகத்தான் பார்ப்பார்கள், மிக்சி வாங்கினால் கூட வருகிற ஜார் மாதிரி. அப்படி நினைத்து ஒரு மனுஷன் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

என் பெயர் ஜெசிந்தா. மதுரை டவுன்ஹால் ரோட்டில் மாலிக் பாயின் செகண்ட்ஸ் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். வேலையில் குறை சொல்ல முடியாது. குறைந்தபட்சம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கண்ணில் முதலில் பட்டது ஆவணி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. எங்களுக்குச் சரக்கு இறங்குகிற நாள் அது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போடாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெயர் பரமகுரு என்றும் கீழமாசி வீதியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"இது லேப்டாப் வேலையெல்லாம் செய்யுமாம்மா."

"லெட்டர் அடிக்கலாம், பில் போடலாம், படம் பாக்கலாம். மடியில மட்டும் வச்சுராதீங்க சார். மேஜ இருக்கணும்."

"கீபோர்டு கூடவே வருமா, தனியா வாங்கணுமா."

"கூடவேதான் சார்."

"அப்புறம் எதுக்குப் பாதி விலைக்குக் குடுக்கிறீங்க."

"போன வருச மாடல். அதோட கீபோர்டு ஏற்கெனவே ஒருத்தர் பழகுனது. பயப்படாதீங்க, கழுவித்தான் குடுப்போம்."

"கழுவுறதுன்னா."

எல்லாரும் கேட்பதுதான். எனக்கு மனப்பாடம். "இப்ப வர்ற கீபோர்டெல்லாம் ஆளப் பழகிக்கிரும் சார். பத்து நாள் நீங்க அடிச்சாப் போதும், உங்க கை அதுக்கு வந்துரும். எம்புட்டு வேகம், எந்த இடத்துல யோசிப்பீங்க, எந்த எழுத்துல தப்பு விடுவீங்க, எல்லாம். அப்புறம் நீங்க பாதியில கைய எடுத்துட்டா மிச்சத்த அதே அடிச்சு முடிக்கும். அச்சு அசலா நீங்க அடிச்ச மாதிரியே இருக்கும்."

"அந்தக் கை எங்க இருக்கும். நெட்டுலயா."

"நெட்டுக்குப் போகவே கூடாது. ஆளோட ரகசியம் ஊருக்குத் தெரிஞ்சுரும்னு சட்டம் போட்டுட்டாங்கள்ல. எல்லாம் இந்த ரப்பர் தட்டுக்குள்ளதான். நகல் கெடையாது. சாமான் ஆள் மாறுறப்ப உள்ள இருக்கிற கைய அழிச்சுரணும். அதத்தான் கடையில கை கழுவுறதுன்னு சொல்லுவோம். மேலுறையையும் மாத்திருவோம். புதுசு மாதிரி ஆயிரும்."

"கை கழுவுறது," என்று அவர் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஒன்னு ரெண்டு தப்பிப் போயிராதா."

"என்கிட்டயா," என்றேன். பெருமைதான்.

அலமாரியில் எட்டு செட் இருந்தன. எட்டையும் வரிசையாக மேஜையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல்லை அடித்தார். சாப்டீங்களா. அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கழுவின கீபோர்டுக்குத் தனக்கென்று ஒரு கை கிடையாது, இலக்கணப்படி முடித்துவைக்கும். எட்டிலும் கேள்விக்குறி வந்து நின்றது. எட்டாவதையும் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"லேப்டாப் மாதிரிதான். லேப்டாப் இல்ல. என்னம்மா."

போய்விட்டார். அடுத்த செவ்வாய் மறுபடி வந்தார். அதே சொல், அதே காத்திருப்பு. இந்தத் தடவை, இறங்கின பெட்டியைப் பிரித்தவுடனே, கழுவுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கழுவாத கீபோர்டுகள் விதவிதமாகப் பதில் சொல்லும். ஒன்று கேள்விக்குறி போட்டுவிட்டு 'டா மச்சி' என்று சேர்த்தது. ஒன்று 'மேடம்' போட்டது. யாரோ ஒரு அம்மாவின் கீபோர்டு, 'சாப்டீங்களா' என்பதை அழித்துவிட்டு 'புசித்தீர்களா' என்று அடித்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது செவ்வாய் எனக்குப் பொறுக்கவில்லை. மணி பன்னிரண்டரை, கடையில் கூட்டம் வேறு.

"சார், உண்மையச் சொல்லுங்க. வாங்கத்தான் வர்றீங்களா, இல்ல எங்க கீபோர்டெல்லாம் சாப்ட்டுச்சான்னு விசாரிக்க வர்றீங்களா."

பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கே சங்கடமாகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே," என்றேன். சார் என்பது அப்போது அண்ணே ஆனது.

அவர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். திரை மட்டும். கீபோர்டு இல்லை.

"எங்க வீட்ல உள்ளது," என்றார். மனைவியைச் சொல்கிறார். "தவறிட்டா. தைப் பொங்கலுக்கு மறுவாரம். மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சுன்னாங்க."

பெயர் அங்கயற்கண்ணியாம். வக்கீல் ஆபீஸ்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்தவர். சின்ன வயதில் சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்திருக்கிறார். ஒன்றிரண்டு இன்ஸ்டிட்யூட்கள் அப்போதும் மிச்சமிருந்தனவாம்.

"அவளுக்கு அங்க ஆறாம் நம்பர் மிஷின். அதுல கேள்விக்குறி விழாது. கட்ட ஒடஞ்சு போச்சு. கேள்வி வந்தா முற்றுப்புள்ளி வச்சுட்டுப் போ, அப்புறம் பேனாவால திருத்திக்கன்னு மாஸ்டர் சொல்லிருக்காரு. லோயர், ஹையர் ரெண்டு பரிட்சையும் அந்த மிஷின்லயே முடிச்சா. அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகல. வக்கீல் பேப்பர்ல திருத்திருவா. எனக்கு அனுப்புறதுல திருத்த மாட்டா. எப்ப வருவீங்க, புள்ளி. கோவமா, புள்ளி. கேக்குறாளா, அதட்டுறாளான்னே தெரியாது. அதுக்கே எத்தனையோ சண்ட."

"சாப்டீங்களா," என்றேன் நான்.

"ஆமா. மத்தியானம் ஒரு மணி ஆனா வந்துரும். சாப்டீங்களா, புள்ளி. இருபத்தாறு வருசம். லாரி ஆபீஸ்ல ஒரு மணின்னா தலைக்கு மேல வேல இருக்கும். நான் ஒரு நாளும் பதில் போட்டதில்லம்மா. ராத்திரி வீட்டுக்குத்தான போகப் போறேன்னு விட்டுருவேன்." நிறுத்தினார். "அன்னைக்கும் ஒரு மணிக்கு வந்துச்சு. ஒன்னேகாலுக்கு விழுந்துருக்கா. நான் மூனு மணிக்குத்தான் போனையே தொறந்தேன்."

பாய் கல்லாவிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடித் தள்ளுபடியில் எங்கள் கடையில் ஒரு திட்டம் போட்டிருந்தோம். பழைய கீபோர்டைக் கொண்டுவந்தால் புது செட்டில் விலை குறைப்பு. பரமகுரு அண்ணன் அப்போது ஆபீசுக்கு ஒரு செட் வாங்க வந்திருக்கிறார், கூட்டத்தில் எனக்கு அவர் முகம் பதியவில்லை. மனைவியின் திரையில் போட்டோவெல்லாம் இருக்கிறது, அதைக் கொடுக்க மனசு வரவில்லை. ரப்பர் தட்டுத்தானே, தூசி படிந்து கிடக்கிறது என்று கீபோர்டை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தத் தட்டு பழகும் என்பதே அவருக்கு அப்போது தெரியாது.

"புதுசு பத்து நாளைல என் கைய எடுத்துக்கிருச்சு. ஒரு நாள் லோடு ஏத்தியாச்சான்னு பாதி அடிக்கேன், டிரைவர் பேரோட மிச்சத்தையும் அதே அடிக்குது. என்னையக் கண்ணாடில பாத்த மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் சுருக்குன்னுச்சு. அப்ப அவளுதுல அவ கை இருந்துருக்குமேன்னு."

"இருந்துருக்கும்," என்றேன். முதல் நாள் தெரியாதவர் போல அவர் கேட்டதெல்லாம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

"எனக்குப் பெருசா ஒன்னும் வேணாம்மா. அது ஒரே ஒரு தடவ சாப்டீங்களான்னு அடிக்கணும். கீழ நான் சாப்ட்டேன்னு அடிக்கணும். அம்புட்டுத்தான். ஆடிக் கூட்டத்துல உனக்கு ஒன்னு ரெண்டு தப்பிப் போயிருக்கும்ல. இந்தச் சரக்கு சுத்திச் சுத்தி வரும்ல."

"பாக்குறேன்ணே," என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் படியிறங்கியதும் உள்ளறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆடி பதினெட்டு. பரமகுரு, கீழமாசி வீதி, கீபோர்டு ஒன்று, சாம்பல் நிறம். வந்த நேரம் காலை பதினொன்று. கழுவிய நேரம் பிற்பகல் மூன்று. எதிரில் கழுவியவர் கையெழுத்து. என்னுடையதுதான். அன்றைக்கு மட்டும் நாற்பத்திரண்டு கழுவியிருக்கிறேன். அதில் இந்த ஒன்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன், இப்போது சொல்லத் தெம்பில்லை.

பாய் பின்னாலேயே வந்து நின்றார். "கழுவியாச்சா."

"ஆச்சு பாய்."

"அப்ப சொல்லிரு. அந்த மனுஷன அலைய விடாத. சட்டப்படிதான செஞ்ச."

சட்டப்படிதான் செய்தேன். அதைச் சொல்லிவிட்டு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது. அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் அவர் வந்தபோது என் வாயில் வேறு வந்தது.

"அண்ணே, அண்ணியோட டேப்லெட்ட ரெண்டு வாரம் என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. அவங்க அனுப்புனதெல்லாம் அதுல இருக்கும்ல. எந்தக் கீபோர்டுன்னு ஒத்துப் பாக்கலாம். குடோன்ல இன்னும் ஒரு பெட்டி பிரிக்காம கெடக்கு."

பச்சைப் பொய். அவர் அந்தத் திரையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது முன்பக்கத்தைச் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

என்ன செய்தேன் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். கழுவின கீபோர்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். கை பிடிக்கப் பத்து நாள் போதும். தினம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளறையில் உட்கார்ந்து, அங்கயற்கண்ணி அனுப்பியதையெல்லாம் முடிந்தமட்டும் அடித்தேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, தப்பு விட்ட இடத்தில் தப்பு விட்டு அடித்தேன்.

வெயில் ஜாஸ்தி. தொப்பி எடுத்தீங்களா.

வரும்போது ஒரு கட்டு அரக்கீரை. முத்தலா இருந்தா வேணாம்.

கேஸ்காரன் வந்தான். சில்லறை எங்க வச்சீங்க.

கோவமா.

இன்னும் கோவமா.

சரி சாப்டீங்களா.

முதல் இரண்டு நாள் என் விரல் பழக்கதோஷத்தில் கேள்விக்குறிக்குப் போனது. கட்டுப்படுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. இருபத்தாறு வருடத்துக் கேள்விகள், ஒரு பதில்கூட இல்லை. சில நாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிடும். என் டிபன்பாக்ஸ் திறக்காமலே கிடக்கும். பாய் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஜெசி, நல்லது செய்றதா நெனச்சு செய்யிற. தெரியுது. ஆனா இது கள்ள நோட்டும்மா."

"அவரு ஒரே ஒரு பதில் போடணும்னுதான் கேக்குறாரு பாய். அதக் குடுத்தா என்ன."

பாய் திரும்பிக் கல்லாவுக்குப் போனார். ஒன்பதாம் நாள் சோதித்துப் பார்த்தேன். 'சாப்' என்று தொடங்கிவிட்டுக் கையை எடுத்தேன். 'சாப்டீங்களா' என்று முடித்து, ஒரு மூச்சு நேரம் தயங்கி, முற்றுப்புள்ளி வைத்தது. சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புரட்டாசி முதல் செவ்வாய் அவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒன்னு தப்பியிருக்குண்ணே," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவரை உள்ளறையில் உட்கார வைத்தேன். மனைவியின் திரையைக் கீபோர்டில் வைத்ததும் காந்தம் டக்கென்று பிடித்தது. அந்தச் சத்தத்துக்கே அவர் கண் மூடிக்கொண்டது. பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு எழுத்து மட்டும் அடித்தார். சா, ப். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்டீங்களா.

முற்றுப்புள்ளி விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பதில் அடிக்கக் கையை நீட்டினார். எதைக் கேட்க எட்டு மாதமாகத் தவித்தாரோ அதைக் கேட்டுவிட்டார். சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. விரல் விசைக்கு மேலே நின்றது. சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை, விரல் இறங்கவில்லை.

அந்த நேரம் போதுமாக இருந்தது கீபோர்டுக்கு. கை நின்றால் மிச்சத்தை அது முடிக்கும் என்று நான்தானே பாடம் எடுத்திருந்தேன்.

சாப்டீங்களா. அண்ணே.

அந்தப் பத்து நாளும் அதே கீபோர்டை என் போனோடு இணைத்துத்தான், பொய்க்கு மேல் பொய்யாக, அவருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெட்டி வந்துருச்சுண்ணே, பிரிச்சுக்கிட்டு இருக்கேன்ணே, செவ்வாக்கிழம வாங்கண்ணே. அது பாட்டுக்கு அதையும் சேர்த்துப் பழகியிருக்கிறது.

அவர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை.

"எங்க வீட்ல என்னைய அண்ணேன்னு கூப்ட மாட்டாம்மா," என்றார்.

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, என்னைய மன்னிச்சுருங்க. அண்ணியோடது தப்பல. குடுத்த அன்னைக்கே கழுவியாச்சு. நான்தான் கழுவுனேன். மூனு வாரமா எனக்குத் தெரியும். சொல்ல மனசு வரல."

வெளியே யாரோ மாலிக் பாயிடம் சார்ஜர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொல்கிறேன் என்று மேலே சொன்னதை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"கழுவுறதுக்கு முன்னாடி எல்லாக் கட்டையும் விழுதான்னு தட்டிப் பாக்கணும்ணே. அன்னைக்கு ஏதோ ஒரு எழுத்தத் தட்டிட்டு அடுத்த பெட்டிய எடுக்கத் திரும்புனேன். திரும்பிப் பாத்தா திரையில சாப்டீங்களான்னு நிக்குது. பக்கத்துல புள்ளி. மணி மூனு. காலையில இருந்து நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. இதாவது கேட்டுச்சேன்னு சிரிச்சுட்டு, இன்னும் இல்லக்கான்னு வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிட்டுக் கழுவிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டில் ஒன்று. ஒரு பெண் கடைசியாக ஒருத்தியைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். அவள் கையைத்தான் அடுத்த நிமிடம் கழுவிவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் இல்லக்கான்னு சொன்னியா."

"ஆமாண்ணே."

"பரவால்லம்மா," என்றார். "நீயாவது பதில் சொன்னியே."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை எழுத எனக்கு இஷ்டமில்லை. பாய் உள்ளே வந்து தண்ணீர் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் கேட்டார்: "எப்படிக் கழுவுவீங்க. பாக்கணும்."

"வேணாம்ணே. இத எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம். சாப்டீங்களான்னு தெனம் கேக்கும்."

"அவ மாதிரிதாம்மா. அவ இல்ல." என் வசனத்தை இரண்டாவது தடவையாகச் சொன்னார். இந்தத் தடவை அதில் கேலி கொஞ்சமும் இல்லை. "இத வச்சுக்கிட்டா நான் இதுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிருவேன். அப்புறம் அவ கேட்டதுக்குப் பதிலே இல்லாமப் போயிரும். கழுவிரும்மா. அவள எப்படிக் கழுவுனியோ அப்படியே கழுவு. அன்னைக்கும் நான் பக்கத்துல இல்ல. இதுக்காவது இருக்கேன்."

மூன்று விசைகளைச் சேர்த்துப் பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். ஓரத்தில் நீல விளக்கு மினுக்கத் தொடங்கும். நாற்பது விநாடி. அதில் நானும் இருந்தேன், அங்கயற்கண்ணியைப் போல நடித்த நான். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்காருகிறவர்கள் அப்படித்தான் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

விளக்கு அணைந்தது.

"அம்புட்டுத்தானா," என்றார்.

"அம்புட்டுத்தாண்ணே."

அவர் விரல் மறுபடி இரண்டு எழுத்து அடித்தது. கீபோர்டு சொல்லை முடித்து, கொஞ்சமும் தயங்காமல், கேள்விக்குறியைப் போட்டது. அவர் அதைப் பார்த்தார். பிறகு திரையைக் கழற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, மாற்றிப் போட்டிருந்த பித்தானைச் சரி செய்தபடி படியிறங்கிப் போனார். கீபோர்டை அலமாரியில் எடுத்து வைத்தேன். அன்று சாயந்திரமே யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கடுத்த செவ்வாய் சரக்கு இறங்கியது. அவர் வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை ஃபுளோரா போன் செய்தாள். "அக்கா, என் மேல எதுவும் வருத்தமா. கொஞ்ச நாளா மெசேஜெல்லாம் ஒரு தினுசா இருக்கு. எப்ப வர்ற, புள்ளி. பணம் வந்துச்சா, புள்ளி. கேக்குறியா, அதட்டுறியா."

போனை வைத்துவிட்டு என் மெசேஜ்களைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கீபோர்டைக் கழுவிவிட்டேன், பத்து நாள் அடித்த என் விரலைக் கழுவவில்லை. ரப்பர் தட்டுக்குள் நகல் கிடையாது என்று எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு நகல் என்னிடமே இருந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நீங்களும் மேலே போய்ப் பாருங்கள். இந்தக் கதையில் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒன்றிலாவது கேள்விக்குறி இருக்கிறதா.

நேற்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்தவள் அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அவர் எண் இருந்தது. என்ன எழுதுவது என்று யோசிக்கவில்லை, விரல் அதுபாட்டுக்கு அடித்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

சாப்டீங்களா.

அண்ணே என்று போட மறந்திருந்தேன். கடைசியில் புள்ளி வேறு. மணியைப் பார்த்தேன், சரியாக ஒன்று. ஐயோ, அந்த மனுஷனை இப்படியா குத்துவது என்று அழிக்கப் போனேன்.

முடியவில்லை. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

சாப்ட்டேன்.